மாத்திரை இருக்கிறது, பரிசோதனை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கி வருகிறேன். மெட்ஃபார்மின், அம்லோடிபின் அட்டைகளை மாதந்தோறும் எண்ணிக் கொடுத்து, நோட்டில் தேதியைக் குறித்துவிட்டு, “உப்பைக் குறைச்சீங்களா சார்?” என்று கேட்கும் செவிலியரிடம் பொய் சொல்லித் தப்ப முடிவதில்லை. ஓய்வூதியம் வாங்கும் எனக்கு இந்த நிலையம் ஒரு வசதி. எனக்கு முன்னால் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கோ வேறு வழியே கிடையாது.

மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்வதற்கென 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அரசு ஏற்படுத்தியதன் பலனைத்தான் இன்று எங்கள் ஊர் மருந்து வழங்குமிடத்தில் காண்கிறோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் நடக்க முடியாத முதியோரின் வீட்டுத் திண்ணைக்கே மாத்திரை வந்து சேர்கிறது. இவற்றை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை ஆய்வகத்தில் இருக்கிறது. எங்கள் நிலையத்தின் ஆய்வக நுட்புநர் இன்னொரு நிலையத்தையும் சேர்த்துக் கவனிப்பதால், வாரத்தில் மூன்று நாட்களே இங்கு வருகிறார். வரும் நாளிலும் ரத்தம் எடுக்கப் பத்து மணி ஆகிவிடுகிறது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால், வெறும் வயிற்றில் பார்க்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனைக்காக நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் ஒருவர் பத்து மணி வரை பச்சைத் தண்ணீருடன் காத்திருந்தால், அன்றைய கூலி அவருக்கு இல்லை. எனவே அவர் பரிசோதனையை விட்டுவிடுகிறார். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் அதே அளவு மாத்திரை தொடர்கிறது. கடைசியில் கால் புண்ணோடு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகும்போது, அரசுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஆகும் செலவு ஒரு நுட்புநரின் சம்பளத்தோடு ஒப்பிடக்கூடியதா?

சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் 20 ஆயிரம் பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெடுங்காலமாக உள்ள விதிமுறை. புதிய கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை, இருக்கும் நிலையங்களின் காலிப் பணியிடங்களை நிரப்புவதில் காட்டினால் போதும். நிலையத்துக்கு ஒரு நுட்புநரை நிரந்தரமாக நியமித்து, ரத்த மாதிரி எடுப்பதையாவது தினமும் காலை ஏழரை மணிக்கே தொடங்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கையைக் காட்டி ரத்தம் கொடுத்துவிட்டு எட்டரை மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். முடிவை அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.