பக்கத்துப் படுக்கை அக்காவுக்கும், உங்கள் எல்லாருக்கும்

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் என்னோடுதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். அதை மறுபடி எழுதவில்லை. வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக வருகிறது. ஆனால் ஆள் தெரிகிறது, கோபம் வருகிறது, கஞ்சியில் உப்புக் குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போதைக்கு எனக்கு இது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. வாய் ஒரு பக்கம் கோணியதைப் பார்த்ததுமே இது வெறும் மயக்கம் இல்லை என்று புரிந்துகொண்டு, முகத்தில் சோடா தெளிக்க வந்தவர்களை விலக்கிவிட்டு 108-ஐக் கூப்பிட்ட மளிகைக்கடை அண்ணாச்சி முதல் ஆள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரி டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்கள், இரவு பகல் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிய தம்பி, சிலம்ப வகுப்பை நிறுத்தாமல் நடத்திய சீனியர் பிள்ளைகள், கேட்காமலே அடுத்த மாதக் கட்டணத்தையும் சேர்த்துப் போட்ட பெற்றோர்கள், மதுரை கீழமாரட் வீதி வெங்காய மார்க்கெட்டில் அப்பாவோடு மூட்டை தூக்கிய பெரியவர்கள், எல்லாருக்கும் கும்பிடு. உங்களில் பலரை நேரில் பார்த்து இன்னும் ஒழுங்காகப் பேசக்கூட இல்லை. பேசுவேன்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவர் இதைப் படிப்பாரா என்பதே தெரியாது. பெயரும் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் அவருடைய வீட்டுக்காரர், அதே வியாதி, நாங்கள் போவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தார்கள். வீட்டுக்காரர் நல்ல உயரம், கனத்த உடம்பு. அக்கா என் தோளுக்குக்கூட வரமாட்டார். அந்த உடம்பை அவர் ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்கவைப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பது வருஷமாகக் கம்பு பிடிக்கிறவன் நான். எடை எங்கே நிற்கிறது, எப்போது கால் மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். எனக்கே அவர் எப்படிச் செய்கிறார் என்று பிடிபடவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் புண் வரும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து அப்பாவின் அருகில் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "தம்பி, அந்தக் கையப் பிடிச்சு இழுத்துராதீக. வெளங்காத கைதானேன்னு நெனைக்காதீக, தோளு எறங்கிப்போகும்." பிறகு அவரே எழுந்து வந்தார். ஒரு பழைய காட்டன் வேட்டியை நாலாக மடித்தார். அப்பாவை ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்து, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அடியில் விரித்தார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப் பக்க முழங்காலை மடக்கி நிறுத்தினார். வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தன் பின்னங்காலுக்கு எடையை மாற்றினார். அவ்வளவுதான். அப்பா திரும்பிவிட்டார். கை வேலையே இல்லை, எல்லாம் கால். நான் பிள்ளைகளிடம் நாள் பூராவும் கத்துகிற கால்மானம்தான் அது, கால் வைக்கிற முறை.

அடுத்து என்னைச் செய்யச் சொன்னார். நான் வேட்டி ஓரத்தைப் பிடித்ததும் கையில் தட்டினார். "மூட்டையவா பொரட்டப் போறீக? மொதல்ல சொல்லுங்க. அப்பா, இப்ப இந்தப் பக்கம் திரும்புறோம்னு சொல்லிட்டுத் தொடுங்க. அவுகளுக்குக் காது கேக்கும்ல."

அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிலம்பத்தில் சலாம் வரிசை போட்டு, மண்ணையும் குருவையும் எதிரே நிற்பவரையும் வணங்கித்தான் கம்பைச் சுழற்றுகிறோம். அதன் பிறகு எல்லாமே மறைப்புதான். எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையில் கண் ஒரு பக்கம் காட்டும், கம்பு வேறு பக்கம் இறங்கும். அடி எங்கே வருகிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் புள்ளி போச்சு. என் கை அப்படித்தான் வளர்ந்தது. அது ஒன்றும் தப்பில்லை, அரங்கத்துக்கு அதுதான் சரி. ஆனால் சொல்லிவிட்டுத் தொடுவதற்கு அந்தக் கைக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை.

அப்பாவைத் தொடுவதற்கும்தான். எங்கள் வீட்டில் அப்பாவும் மகனும் தொட்டுப் பேசுகிற பழக்கம் கிடையாது. பொங்கலுக்குக் காலில் விழுவேன், திருநீறு பூசிவிடுவார், அத்தோடு அடுத்த பொங்கல். அவர் முதுகில் மூட்டை அழுத்திய இடம் எப்படிக் காய்த்திருக்கிறது என்பதை நான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது அந்த வார்டில், துணி நனைத்துத் துடைக்கும்போது. ஒவ்வொரு முறையும் "அப்பா, முதுகு துடைக்கப் போறேன்" என்று சொன்னேன். முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது, பக்கத்தில் நாலு பேர் கேட்கிறார்களே என்று. பிறகு ஒருநாள், நான் சொன்னதும் அவர் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார், தானும் திரும்புவதற்கு. அக்கா தன் இடத்திலிருந்தபடியே, "பாத்தீகளா" என்றார்.

அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தபோது பக்கத்துப் படுக்கை காலி. டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார்கள். துவைத்து மடித்த அந்த வேட்டி அப்பாவின் தலையணை மேல் இருந்தது. போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் யாருக்காவது இவரைத் தெரிந்தால், ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள்: அப்பா உடம்பில் ஒரு புண்கூட இல்லை.

இனி வகுப்பு விஷயம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்த பிறகும், 2024 ஜனவரியில் நம் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற பிறகும், பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். பெற்றோர்கள் சான்றிதழ் பற்றிக் கேட்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னொன்றையும் சேர்க்கப் போகிறேன், அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கடைசி அரை மணி நேரம் கம்பை ஓரமாக வைத்துவிடுவோம். படுத்திருப்பவரை எப்படித் திருப்புவது, எப்படி உட்காரவைப்பது, கீழே விழுந்த பெரியவரை எப்படி எழுப்புவது, எப்போது எழுப்பவே கூடாது என்று பெரிய பிள்ளைகள் பழகுவார்கள். நான் என் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி அம்மாவிடம் வந்து காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். (2021-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.) விடுமுறை நாளில் ஒருமுறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மாலை வகுப்பு இனி ஆறரைக்குத் தொடங்கும். அப்பாவுக்குச் சாயங்காலக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் நான் வர முடியும். விழுங்குவதற்குச் சிரமப்படுகிறார், ஒரு கிண்ணத்துக்கு அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அதனால் பார்க்க வருபவர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வர வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஒரு பழக்கடையே இருக்கிறது. ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்பவர்கள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய காட்டன் வேட்டி ஒன்று கொண்டுவாருங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், வழுக்குகிறது.

உங்கள்
சிலம்ப வாத்தியார்