டெல்லிக்கு என்று தனியாக நாலு நாள்

மயூர் விஹார், டெல்லி
மார்கழி 3

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது அவர்களே பேப்பர் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவரிடமும் வாசித்துக் காட்டினேன். ரிட்டயர் ஆன பிறகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உன் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் போட வருகிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நீ அப்படித்தான்.

இங்கே நாங்கள் சுகம். மகன் புனேயிலேயே வீடு பார்த்துவிட்டான். இவர் காலை நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்கிறார். பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் முகம் தெரிவதில்லை.

சரி, உன் டூர் விஷயத்துக்கு வருகிறேன். காசி, ஹரித்வார், மதுரா, ஆக்ரா எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் டெல்லிக்கு ஒரே ஒரு பகல் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பகலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ராஷ்டிரபதி பவனையும் இந்தியா கேட்டையும் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள். செங்கோட்டை வாசலில் இறக்கி ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். கரோல் பாக்கில் ஸ்வெட்டர் வாங்க விட்டுவிட்டு, ராத்திரி ரயில் ஏற்றிவிடுவார்கள். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் டெல்லியைப் பார்த்துவிட்டு, "வெயில், கூட்டம், ஏமாற்று" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. மற்ற ஊர்களுக்கு அவர்களோடு போ. டெல்லியை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. இதற்கென்று தனியாக நாலு நாள் ஒதுக்கிக்கொண்டு அண்ணனோடு எங்கள் வீட்டுக்கு வா.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரின் அமைப்பு அப்படி. ஆள வந்தவர்கள் பழைய தலைநகரத்தை இடித்து அதன் மேலேயே கட்டுவதைவிட, கொஞ்சம் தள்ளிப்போய்ப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டதுதான் அதிகம். முதல் சுல்தான்கள் தெற்கே மெஹ்ரோலியில் இருந்தார்கள். கியாசுத்தீன் துக்ளக் இன்னும் கிழக்கே போய்த் துக்ளகாபாத் கோட்டையைக் கட்டினார். ஹுமாயூனும் ஷேர்ஷாவும் யமுனைக் கரையில் புராணா கிலா. ஷாஜஹான் வடக்கே ஒரு முழு நகரத்தையே மதில் போட்டு எழுப்பினார். கடைசியில் வெள்ளைக்காரர்கள், இப்போது ராஷ்டிரபதி பவன் இருக்கிற ரைசினாக் குன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் எண்ணூறு வருஷத்துத் தலைநகரங்கள் இங்கே ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகக் கிடக்கின்றன.

மெட்ரோவில் மஞ்சள் லைன் என்று ஒன்று இருக்கிறது. சாந்தினி சௌக்கில் ஏறினால் நீ நிற்பது ஷாஜஹானின் 17ஆம் நூற்றாண்டு. ராஜீவ் சௌக்கில் இறங்கினால் 1930களில் வெள்ளைக்காரர்கள் கட்டி முடித்த கன்னாட் பிளேஸின் தூண் வரிசை. ஜோர் பாக்கில் இறங்கி நடந்தால் லோதி தோட்டத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கினால் 12ஆம் நூற்றாண்டின் கடைசி. இவ்வளவும் ஒரே ரயிலில், ஒரு மணி நேரத்துக்குள். வேறு எந்த ஊரில் இது கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் உன்னை ஹுமாயூன் கல்லறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டிலிருந்து பிங்க் லைனில் நிஜாமுதீன் பக்கம்தான். தாஜ்மஹாலைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. தாஜ்மஹாலுக்குச் சுமார் அறுபது வருஷம் மூத்தது. ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் முன்னின்று கட்டுவித்தது. நான்காகப் பிரித்த தோட்டம், ஓடும் வாய்க்கால், நட்ட நடுவில் உயர்ந்த மேடை, அதன் மேல் குவிமாடம் என்ற அமைப்பு இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் முதலில் வந்தது இங்கேதான். அதே கற்பனைதான் பிறகு ஆக்ராவில் வெள்ளைப் பளிங்காக மாறியது. இங்கே சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் கலந்து இருக்கும். எனக்கு இந்தச் சிவப்புதான் அதிகம் பிடிக்கும். சாயங்கால வெயில் படும்போது கல்லுக்குள்ளிருந்து வெளிச்சம் வருவது போல இருக்கும்.

உள்ளே முகலாயக் குடும்பத்தார் கல்லறைகள் நூற்றுக்கும் மேல். தம்பி ஔரங்கசீப்பினால் கொல்லப்பட்ட தாரா ஷூகோவும் இங்கே எங்கேயோதான் கிடக்கிறார். 1857இல் டெல்லி விழுந்தபோது கடைசி அரசர் பகதூர் ஷா ஜாஃபர் ஓடி வந்து ஒளிந்ததும் இங்கே, பிடிபட்டதும் இங்கே. ரங்கூனுக்கு அனுப்பினார்கள், அங்கேயே 1862இல் இறந்துபோனார். முகலாய வம்சத்தின் ஆரம்பகாலப் பெருமையும் கடைசி நாளும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. வாசலருகே 2024இல் நிலத்தடியில் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், நன்றாகச் செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி என்ற பெரிய தோட்டம். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் மதியம் அங்கேயே மரத்தடியில் சாப்பிட்டுவிடலாம்.

அங்கிருந்து ரோட்டைத் தாண்டினால் நிஜாமுதீன் தர்கா. கவிஞர் அமீர் குஸ்ரோ தன் குருவான சூஃபி ஞானி நிஜாமுதீனின் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் கவாலி பாடுவார்கள். பெண்களை உள் சந்நிதிக்குள் விடமாட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான். ஆனால் முற்றத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு தடையும் இல்லை. அதே முற்றத்தில் ஷாஜஹானின் மகள் ஜஹானாராவின் கல்லறை இருக்கிறது. சாந்தினி சௌக் கடைவீதியைத் திட்டமிட்டவர் அவர். இவ்வளவு பெரிய அரசகுமாரி, தன் கல்லறைக்குக் கூரை வேண்டாம், மேலே புல் முளைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் அப்படியே, பளிங்குத் தொட்டிக்குள் மண்ணும் புல்லுமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் ராஜாக்களின் வருஷங்களைத்தான் மனப்பாடம் செய்தோம். பேகா பேகத்தையும் ஜஹானாராவையும் யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் உனக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை.

இரண்டாம் நாள் உனக்காகவே ஜந்தர் மந்தர். கன்னாட் பிளேஸுக்குப் பக்கத்தில், 1724இல் ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் கட்டிய வானாராய்ச்சிக் கூடம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார்கள். நீ அப்படி வரமாட்டாய். சாம்ராட் யந்திரம் என்பது ஒரு பிரம்மாண்டமான சூரியக் கடிகாரம். அதன் சாய்ந்த சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அப்படியென்றால் அந்தச் சாய்வு டெல்லியின் அட்சரேகையேதான், இருபத்தெட்டு டிகிரிக்குச் சற்று மேல். மயிலாடுதுறையில் கட்டியிருந்தால் பதினோரு டிகிரியில் ஏறக்குறையப் படுத்தே கிடந்திருக்கும். ராம யந்திரம் என்று இரண்டு வட்டக் கட்டடங்கள் உண்டு. ஒன்றில் தளம் இருக்கிற இடத்தில் மற்றதில் இடைவெளி. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் முழு வானமும் கிடைக்கும். உன் திண்ணைப் பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டுச் சொன்னால் கோணவியல் மறக்கவே மறக்காது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழும்பி, அவற்றின் நிழல் கருவிகள்மேல் விழுகிறது என்பதுதான் வேதனை. காசிக்குப் போகும்போது மான் மந்திர் படித்துறையிலும் ஜெய்சிங் வைத்த கருவிகள் இருக்கின்றன, விட்டுவிடாதே.

அன்றைக்கே காந்தி ஸ்மிருதிக்குப் போவோம். ராஜ்காட்டுக்கு எல்லா டூர்க்காரர்களும் கூட்டிப் போகிறார்கள். அது சமாதி, மரியாதைக்குரிய இடம். ஆனால் காந்தி தன் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு இதுதான். அவர் அறையில் மெத்தை, சாய்வுப் பலகை, சிறிய மேசை என்று விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சாமான்கள். அந்த அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரைக்கும் அவர் கடைசியாக நடந்த அடிகளைக் கல்லில் காலடியாகப் பதித்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியதால் வேகமாக நடந்தார். அந்தக் காலடிகளின் பக்கத்தில் நடந்து போகும்போது நான் பேசுவதில்லை. விருந்தாளிகள் யார் வந்தாலும் இங்கே மட்டும் கட்டாயம் அழைத்துப் போய்விடுவேன்.

தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுது. மொஹஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண் சிலையைப் படத்தில் பார்த்து ஆளுயரம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அவள் அரைச் சாண்கூடத் தேறமாட்டாள். இடுப்பில் கை வைத்து நிற்கிற அந்தத் தோரணைக்கு நாலாயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. மாலை, விளக்கு, கற்பூரம் எதுவும் இல்லாமல் நடராஜரைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது முதலில் மனசு ஒப்புவதில்லை. ஆனால் விரல் நகம் வரைக்கும் தெரிகிற அந்த வேலைப்பாட்டை அலங்காரத்தோடு நாம் எப்போது பார்த்தோம்?

குதுப் மினாரைப் பற்றி நீயே படித்திருப்பாய், எழுபத்திரண்டரை மீட்டர். என் கண் அதைவிட அங்கிருக்கும் இரும்புத் தூணுக்குத்தான் போகும். ஆறு டன்னுக்கு மேல் எடை, ஆயிரத்தறுநூறு வருஷ வயசு, வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடித்து உதிரவில்லை. கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதைப் பல காலம் ஆராய்ந்து, இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டாகி மேற்கொண்டு அரிக்காமல் தடுக்கிறது என்று விளக்கினார். பக்கத்து மசூதியின் தூண்களைப் பார், சங்கிலியில் தொங்கும் மணி செதுக்கியிருக்கும். கோயில்களை இடித்து எடுத்த தூண்கள் அவை, அங்கே உள்ள கல்வெட்டே அதைச் சொல்கிறது.

செங்கோட்டைக்கும் சாந்தினி சௌக்குக்கும் ஒரு நாள். கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை 1857க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் இடித்துவிட்டார்கள், அதனால் மிச்சத்தைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. வீதியில்தான் நேரம் போகும். ஜைனர் கோயில், சிவன் கோயில், சீக்கிய குரு தேக் பகதூர் உயிர் கொடுத்த இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாரா, மசூதி எல்லாம் ஒரே தெருவில். பராட்டா சந்தில் சுத்த சைவம்தான், நெய்யில் பொரித்தெடுப்பார்கள், அண்ணனுக்கு ஒன்றோடு நிறுத்திவிடுவோம். குளிர்காலத்தில் மட்டும் பால் நுரையில் தௌலத் கி சாட் என்று ஒன்று செய்வார்கள். வாயில் வைத்ததும் கரைந்துவிடும், குங்குமப்பூ வாசனை மட்டும் நிற்கும். நீ வரும்போது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்தியா கேட் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் போதும். ஷாப்பிங்குக்கு நேரம் ஒதுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு ஒரு காலை. குன்றின் மேல் நம் ஊர்க் கருங்கல் கோயில், 1973இல் கும்பாபிஷேகம் ஆனது, சுவாமிமலை சுவாமிநாதனேதான் மூலவர். நாங்கள் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஊர் ஏக்கம் வந்தால் நேராக அங்கேதான் போவேன்.

பயமாக இருக்காதா என்று கேட்டிருந்தாய். ராத்திரி வெகுநேரம் தனியாகச் சுற்றுகிற ஊர் இது இல்லை, அதை மறைக்க மாட்டேன். பகலில் மெட்ரோவில் போய்வருவதற்கு ஒரு பயமும் வேண்டாம், முதல் பெட்டி பெண்களுக்கே. நான் கூடவே இருப்பேன். காற்றுதான் உண்மையான தொல்லை. நவம்பரில் இருந்து ஜனவரி வரை வராதே. உனக்கு மூச்சிரைப்பு வேறு இருக்கிறது, பனியால் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி கடைசி வாரம்தான் சரி. இலவ மரங்களெல்லாம் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்திருக்கும், ராஷ்டிரபதி பவன் தோட்டத்தையும் அப்போது பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும், சாக்ஸ் மட்டும் மறக்காதே.

ரயில் டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், அதனால் இந்த மாதக் கடைசியிலேயே போட்டுவிடு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் மூன்றாம் நாள் காலை புதுடெல்லி. அண்ணனுக்கு முழங்கால் வலி என்றால் இரண்டு பேருக்கும் கீழ் பெர்த் கேள், இல்லாவிட்டால் விமானத்தில் வா, சுமார் மூன்று மணி நேரம்தான். எதுவானாலும் திங்கட்கிழமை வந்து இறங்குகிற மாதிரி வை. அன்று செங்கோட்டை, அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி மூன்றும் விடுமுறை, நீயும் வீட்டில் ஓய்வெடுக்கலாம்.

தேதி முடிவானதும் உடனே எழுது. அதற்குள் மாவடு வந்திருந்தால் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொண்டு வா, இவர் கேட்கச் சொன்னார். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
வசந்தா