'டேர்' பத்தி எழுதிட்டு ரஷன்ட்டை விட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல எண்பதுகளோட சிந்த்-பாப், அதாவது சிந்தசைசர் வச்சு பண்ண பாப் மியூசிக் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், ஹ்யூமன் லீக்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட 'டேர்' ஆல்பத்தையும் சேத்திருந்தீங்க, சந்தோஷம். ஆனா அதுல அந்த ஆல்பத்தோட புரொடியூசர் மார்ட்டின் ரஷன்ட்ங்கற பேரே காணோம். புரொடியூசரை விட்டுட்டு இந்த ஆல்பத்தை பத்தி என்னத்த பேசறது? ஹெட்ஃபோன் மாட்டி மறுபடி முழுசா கேட்டுட்டுதான் இத எழுதுறேன்.

1980ல பேண்டுல இருந்த மார்ட்டின் வேரும் இயன் க்ரெய்க் மார்ஷும் பிரிஞ்சு போய் ஹெவன் 17ங்கற வேற பேண்டை ஆரம்பிச்சுட்டாங்க, மியூசிக் வேலை பாதிக்கு மேல அவங்க கையிலதான் இருந்துச்சு. மிச்சம் நின்னது பாடுற ஃபிலிப் ஓக்கியும் மேடையில ஸ்லைடு ஓட்டிட்டு இருந்த ஏட்ரியன் ரைட்டும். ஓக்கி ஷெஃபீல்டுல ஒரு கிளப்புல ஆடிட்டு இருந்த ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்கள, ஜோன் கேத்தரால், சூசன் ஆன் சல்லி, பேண்டுல சேத்துக்கிட்டாரு, அப்புறம் இயன் பர்டன், அப்புறம் பங்க் பேண்டுல கிட்டார் வாசிச்ச ஜோ காலிஸ், அவர் வந்து சேந்த ஆல்பத்துலயோ கிட்டாரே கிடையாது! இந்த செட்டை வச்சு 1981ல பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆல்பம் எடுத்தாங்கன்னா அதுல ரஷன்ட்டோட பங்கு எவ்வளவு இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

கட்டுரையில 'மெஷின் தானா வாசிச்ச இசை'ன்னு ஒரு வரி வேற. ரஷன்ட் வச்சிருந்த ரோலண்ட் எம்சி-8, சிந்தசைசரை வாசிக்க வைக்கற சீக்வென்சர் மெஷின், அதுல ஒவ்வொரு நோட்டுக்கும் என்ன சுருதி, எவ்வளவு நேரம், எல்லாத்தையும் நம்பர் நம்பரா தட்டி ஏத்தணும். லின் எல்எம்-1 அப்போதான் புதுசா வந்த டிரம் மெஷின், நிஜ டிரம் சத்தத்தை சிப்புல பதிச்சு வச்சது, அதுக்கும் எந்த அடி எங்க விழணும்னு ஒரு ஆள் சொல்லணும். இதுல எது சார் தானா நடந்துச்சு?

'டோன்ட் யூ வான்ட் மீ' பத்தி எழுதுனதுல எனக்கு சண்டை இல்ல. ஓக்கிக்கே பிடிக்காம ஆல்பத்தோட கடைசியில தள்ளி வச்ச பாட்டு, கம்பெனிக்காரங்க பிடிவாதமா சிங்கிளா விட்டு 1981 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டன்ல நம்பர் ஒன், அடுத்த வருஷம் அமெரிக்காவுலயும். ரெண்டாவது சரணத்துல சூசன் வந்து அவ பக்கத்து கதைய சொல்றது இன்னிக்கும் ஜோர்தான். ஆனா அந்த பாட்டு வெளிச்சத்துல 'செகண்ட்ஸ்' மறைஞ்சே போச்சு. கென்னடிய சுட்டவனை பாத்து பேசற பாட்டு, டிரம் ஒரே மாதிரி போய்க்கிட்டே இருக்கு, மேல சிந்த் மெல்ல ஏறிக்கிட்டே வருது, ஓக்கி குரல்ல பதட்டமே இல்ல, அதுதான் பயமா இருக்கு. ஆல்பத்துலயே என் ஓட்டு இதுக்குத்தான். 'டூ ஆர் டை' மட்டும் இழுவை, அத ஒத்துக்கறேன்.

இன்னொன்னு, 1982ல ரஷன்ட் இதே பாட்டுகளோட டேப்ப வெட்டி ஒட்டி, பெரும்பாலும் குரலே இல்லாம 'லவ் அண்ட் டான்ஸிங்'னு ஒரு ரீமிக்ஸ் ஆல்பமே பண்ணாரு, கம்ப்யூட்டர்ல எடிட் பண்ற காலம் இல்ல அது, எல்லாம் கைவேலை. அடுத்த இதழ்ல அதுக்கு நாலு வரி ஒதுக்குங்க, இடம் பத்தலன்னா ஓக்கி ஹேர்ஸ்டைலுக்கு குடுத்த இடத்துல கொஞ்சம் வெட்டிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி