முதல் பால்

திருநெல்வேலி டவுண்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கோமு,

நீ அனுப்பிய கதையைப் போனில் படிக்க என் கண்ணுக்கு முடியவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வரச் சொல்லி அப்பாவை அனுப்பினேன். கதை ஐந்து பக்கம். உன் நண்பர்கள் அதன்மேல் எழுதிய கருத்து ஒன்பது பக்கம். கடைப் பையன், "வீட்டில் ஏதும் கேஸ் நடக்கிறதா சார்?" என்று கேட்டானாம்.

முதலில் கருத்துகளைத்தான் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன். கதையில் வரும் அம்மா நான்தான் என்று தெரிந்த பிறகு, முன்பின் பார்த்திராத எட்டுப் பேர் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? கோயம்புத்தூர்க்காரர் என்னை 'இறுகிய பாத்திரம்' என்கிறார். டொராண்டோவில் இருக்கும் பெண்ணுக்கு என்மேல் இரக்கமாம். 'அம்மா இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்து ஓய்வதற்குள் காப்பி ஆறிவிட்டது.

ஆனால் எட்டுப் பேரில் ஒருவர்கூட சொதியை, நம் தேங்காய்ப் பால் குழம்பை, கவனிக்கவில்லை.

'அம்மா முதல் பாலை ஊற்றிவிட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கிளறிக்கொண்டே இருந்தாள்' என்று எழுதியிருக்கிறாய். நீ திருநெல்வேலியில் பிறந்தவள்தானா? காய் வேக வேண்டியது மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும். முதலில் பிழிந்த கெட்டிப் பாலான முதல் பால் கடைசியில்தான் சேரும். ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம்கூட இறக்கிய பிறகுதான் பிழிவோம். உன் அக்காவின் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு நூறு பேருக்கு வைத்தோமே, அன்றைக்கு ஆச்சி அடுப்பை விட்டு அசையாமல் நின்றது எதற்கு என்று நினைத்தாய்? உன் நண்பர் ஒருவர், பொங்கும் தேங்காய்ப் பால் அவள் அடக்கி வைத்த துயரத்தின் குறியீடு என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறார். அவர் வீட்டில் சொதி வைப்பதில்லை போலிருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டு நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்தது உனக்குக் கதையாகத்தான் தெரியும். ஈய எழுத்துக் காலத்தில் கையெழுத்துப் பிரதியை ஒரு பையன் உரக்கப் படிப்பான். நான் கேலியை, அதாவது திருத்துவதற்கு எடுத்த அச்சுத் தாளை, பார்த்துக்கொண்டே போவேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்கோள் எல்லாவற்றையும் அவன் வாயால் சொல்ல வேண்டும். மோசமான வாக்கியம் வந்தால் அவன் மூச்சு அங்கே தட்டும். எனக்கு அது காதில் விழும், ஆனால் கை வைக்க முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பிடிக்காத வாக்கியத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான் எங்கள் உரிமை. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து எழுத்தாளர்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு. ஒன்றும் பேசாமல் அந்தப் பத்தியையே அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

உன் சென்னை நண்பருக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. 'சொளவு' என்று நீ எழுதிய இடத்தை எல்லாம் 'முறம்' என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். உடனே யாழ்ப்பாணத்துப் பெண், "எங்கட வீட்டிலும் சுளகுதான், எனக்கு விளங்கினது" என்று எழுதியிருப்பதைப் படித்தபோது, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட வேண்டும் போல இருந்தது. சொளவை விட்டுக்கொடுக்காதே. அதற்காகச் சென்னைக்காரரிடம் சண்டைக்கும் போகாதே. அவருக்கு அந்த இடம் புரியவில்லை என்பதும் உனக்குத் தெரிய வேண்டிய செய்திதான். அரிசி புடைக்கும் சத்தத்தை ஒரு வரி எழுதிவிட்டால் அவருக்கும் புரியும்.

இனி உன்னைத் திட்டப் போகும் இடம்.

கதையின் முடிவில் அம்மா மொட்டை மாடிக்குப் போய் அழுகிறாள். கோயம்புத்தூர்க்காரர், 'இந்த அழுகையை நம்ப முடியவில்லை, சினிமா போல இருக்கிறது' என்று இரண்டே வரி எழுதியிருக்கிறார். நீ அதற்கு ஒன்றரைப் பக்கம் பதில் சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது நிஜமாகவே நடந்தது' என்று வேறு. நிஜமாக நடந்தால் அவருக்கு என்ன? அவர் கையில் இருப்பது ஐந்து பக்கம். அதில் நம்ப முடியவில்லை என்றால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் நீ பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்கப் போகிறாயா? எட்டுப் பேரும் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து பார். எனக்கே கஷ்டம்தான், தெரியும்.

இன்னொன்று. அது நிஜமாக நடக்கவும் இல்லை.

நீ வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்று நான் மாடிக்குப் போனது துணி எடுக்க. பக்கத்து வீட்டு அக்கா அங்கே வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நான் எங்கே அழுவது? வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்ததை நீ அழுகை என்று எடுத்துக்கொண்டாய். நடந்தது கீழே, அடுப்படியில். முதல் பாலை ஊற்றினேன். இறக்கவில்லை. நீ பேசிக்கொண்டே இருந்தாய், விசா, டிக்கெட், குளிருக்குக் கோட்டு என்று. பால் தளதளவென்று கொதித்துத் திரிந்துபோயிற்று. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என் கையில் சொதி திரிந்தது அந்த ஒரு நாள்தான். நீ போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். அப்பா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஆகவே நீ தெரியாமல் எழுதிவிட்ட பிழைதான் உன் கதையிலேயே உண்மையான வரி. வேடிக்கையாக இல்லையா? அதற்காக, நடந்தது என்பதாலேயே அதைக் கதையில் போட்டுவிடாதே. போட்டுப் பார். நிற்கவில்லை என்றால் எடுத்துவிடு.

'அருமை', 'செம', பூப் படம், இதயப் படம் என்று கொடுத்த நால்வரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லவர்கள், அவசரத்தில் இருக்கிறார்கள். எழுபதுகளில் உன் மாமாவும் கூட்டாளிகளும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதி. வீடு வீடாகச் சுற்றி வரும். வாசகர் கருத்துக்கு என்று கடைசியில் நாலு தாள் வெற்றாக விட்டிருப்பார்கள். அதில் நானும் ஒரு கதை எழுதினேன், உனக்குச் சொன்னதில்லை. திரும்பி வந்தபோது நாலு தாள் நிறைய 'நன்று', 'மிக நன்று', 'தங்கை மேலும் வளர வாழ்த்துகள்'. யாரோ ஒருவர் மட்டும் கருத்து எதுவும் எழுதாமல், கதைக்குள் ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வாழ்த்தியவர்கள் யார் யார் என்று மறந்துவிட்டது. அந்த வரி இன்றும் எனக்கு மனப்பாடம். கோடு போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நம் ஊரில் அந்தக் காலத்து இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி. வீட்டில், வட்டத்தொட்டி என்று பேர் பெற்ற கூட்டத்தில், கூடி ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிப்பார்களாம். ரசிகர் என்றே பட்டம் வாங்கிய அந்த மனிதர்தான், கம்பராமாயணத்தில் தமக்கு ஒவ்வாத பாட்டுகளை இவை கம்பன் பாட்டே அல்ல என்று ஏராளமாக ஒதுக்கித் தள்ளியவரும். புலவர்கள் அதற்காக அவரோடு சண்டை போட்டார்கள். அவர் செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உயிரைக் கொடுத்துப் படிக்கிறவருக்குத்தான் அப்படிக் கை நீளும். உன் கோயம்புத்தூர்க்காரரின் இரண்டு வரி எனக்கு அந்த வகையாகப் பட்டது.

கடைசியாக ஒன்று. டொராண்டோப் பெண்ணின் கதைக்கு நீ எழுதிய கருத்தும் அந்த ஒன்பது பக்கத்தில் கலந்து வந்துவிட்டது. 'மனதைத் தொட்டது தோழி.' அவ்வளவுதான். அவள் உன் கதைக்கு வரி எண் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுதினேன் என்றும் சொல்கிறாள். இன்றைக்கே அவள் கதையை மறுபடி எடு. உரக்கப் படி. உன் மூச்சு எங்கே தட்டியது, எங்கே ஓடியது என்று மட்டும் அவளுக்கு எழுது. அவள் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று நீ சொல்லித் தர வேண்டாம்.

திருத்திய கதையை அனுப்பும்போது எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பு. உன் ஐந்து பக்கத்திலும் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன், அப்பா படம் பிடித்து அனுப்புவார். ஒற்றுப் பிழை இருபத்திரண்டு.

அம்மா

பி.கு.: அங்கே டப்பாவில் வரும் தேங்காய்ப் பாலில் மூன்றாம் பால், முதல் பால் என்று எதுவும் கிடையாது என்று அப்பா சொல்கிறார். பாதியைத் தண்ணீர் விட்டுக் கலந்து காயை வேகவை, பாதியைக் கடைசிக்கு வைத்துக்கொள். இஞ்சித் துவையல் இல்லாமல் சாப்பிடாதே.