யாழினியின் ஊசி அட்டை

அன்பு மகன் குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சாரல் ஆரம்பித்துவிட்டது, துணி காயமாட்டேன் என்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. புனலூர் போய் வந்தால் மட்டும் ஏறிவிடும், ஏன் என்று உனக்கே தெரியும். ஆய்க்குடி வீட்டு விஷயம் இன்னும் அப்படியேதான், அதை விடு.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ போட்டாயே, ஊசியே வேண்டாம், இயற்கையான எதிர்ப்புச் சக்தி போதும் என்று ஒருவர் பேசுகிறாரே. பெரியப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் ஒன்றும் போடவில்லை. அப்புறம் நீயும் அந்தப் பக்கம் வரவே இல்லை.

புளியரை பால்வாடியில் நான் இருந்தபோது புதன்கிழமை என்றால் உனக்கு நேரத்துக்குச் சோறு கிடையாது. தட்டம்மை மருந்தைக் கலக்கிவிட்டால் நாலு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அதற்குள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளை ஓடி ஓடிக் கூட்டி வருவேன். பாதிப் பேருக்கு அட்டை மலையாளத்தில் இருக்கும். நர்ஸம்மா தேதியை மட்டும் பார்த்துக்கொள்வார். சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அது வெளுப்பாக இருக்கிறதா என்று நீதான் பார்த்துச் சொல்வாய். கறுத்தால் மருந்து சூடுபட்டுக் கெட்டுப்போச்சு என்று ஏழு வயதிலேயே உனக்குத் தெரியும். இன்றைக்கும் தெருவில் உன்னைச் சொல்லித்தான் எனக்கு மரியாதை. அந்தப் பிள்ளையா இந்த வீடியோவைப் போட்டது?

ஆச்சி முகத்துத் தழும்பைத் தடவித் தடவிப் பார்ப்பாயே, அந்தப் பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலகத்துக்கே அறிவித்தார்கள். ஊசியால்தான் ஒழிந்தது. தட்டம்மை அப்படி அடங்கவில்லை. வந்தவன் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். 100 பேரில் 95 பேராவது ஊசி போட்டிருந்தால்தான் பரவாது. ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கு அந்த 95 பேர்தான் காவல். இயற்கை எதிர்ப்புச் சக்தி என்கிறாரே, மற்ற நோய்களுக்கு உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த சக்தியிலும் ஒரு பங்கைத் தட்டம்மை அழித்துவிட்டுப் போகும். அதை அவர் சொல்லவில்லை.

நீ இருக்கும் டெக்சாஸில்தான் 2025-இல் 762 பேருக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் போய்விட்டார்கள், இரண்டு பேருமே ஊசி போடாதவர்கள். ஊர்ப் பேரைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

2017-இல் இங்கே பள்ளிக்கூடத்தில் தட்டம்மை ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் புரளியை நம்பி உன் சித்தி பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. நேரே போய்ச் சண்டை போட்டேன். ஊசி போட்டாள், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தங்கச்சியிடம் போடலாம் சண்டை. மருமகளிடம் முடியுமா? அவள் தங்கமான பெண், எனக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை, இதை அவளிடம் காட்டினாலும் சரி.

பிள்ளையைக் காரில் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதே, போன தடவையே சொன்னேன். ஐந்து நிமிஷம்தானே என்று நினைக்காதே.

யாழினிக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. அங்கே முதல் தட்டம்மை ஊசி ஒரு வயதிலிருந்து ஒன்றேகால் வயதுக்குள் என்கிறார்கள். அவளுடைய ஊசி அட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாதான் கேட்கிறார். குரூப்பில் வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்பு. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சல் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று மருமகளிடம் சொல். காரில் விடாதே.

இப்படிக்கு,
அம்மா