கையெழுத்தே போடாத மன்னர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆளுநர் ஒப்புதல் பற்றிய நடுப்பக்கக் கட்டுரை, ‘ஸ்காண்டிநேவிய மன்னர்களைப் போல மசோதாவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்’ என்கிறது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே என்ற மூன்று நாட்டையும் ஒரே பட்டியில் அடைத்துவிட்டார் கட்டுரையாளர். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நடுப்பக்கத்தைக் கத்தரித்து வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அதற்காகவே இந்தத் திருத்தம்.

ஸ்வீடன் மன்னர் எந்தச் சட்டத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. 1975 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள அரசியலமைப்பில் அவருக்கு அந்த வேலையே கிடையாது. பிரதமரைத் தேடுவதும் சபாநாயகர்தான். கட்சித் தலைவர்களோடு பேசி ஒரு பெயரை அவையில் வைப்பார். 349 உறுப்பினர்களில் 175 பேர் எதிர்த்தால்தான் அது விழும். ஆதரவு ஓட்டு பாதிக்குக் குறைந்தாலும் பரவாயில்லை. நான்கு முறை விழுந்தால் மூன்று மாதத்துக்குள் மறுதேர்தல். 2018 தேர்தலுக்குப் பிறகு இரண்டு பெயர்கள் விழுந்தன. ஆட்சி அமைய நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இழுபறிதான், ஆனால் அரண்மனையை யாரும் குறை சொல்ல வழியில்லை. சபாநாயகர் கேட்டுக்கொண்டால் கூட்டத்தொடரைத் தொடங்கி வைப்பது, வெளியுறவு ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகிப்பது, இவை போன்றவையே மன்னருக்கு மிச்சம்.

டென்மார்க்கில் மன்னர் கையெழுத்து வேண்டும். கூடவே ஓர் அமைச்சரும் போடாவிட்டால் அது செல்லாது. 1953 அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு 30 நாள் கெடு வைக்கிறது. நமக்கும் அப்படியொரு கெடு வேண்டும் என்போர் கவனிக்க: நாள் தாண்டினால் மசோதா தானாகச் சட்டமாகாது, செத்துப்போகும்!

அந்நாட்டு மன்னர் அடங்கிப்போனது ஏட்டுப் பிரிவால் மட்டுமல்ல. நம்மூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்துக்கு முந்தைய ஆண்டு, 1920 மார்ச்சில், மன்னர் பத்தாம் கிறிஸ்டியன், பிரதமர் சாலேயின் அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்பினார். எந்த நாட்டோடு சேர்வது என்ற வாக்கெடுப்பில் ஜெர்மனிப் பக்கம் சாய்ந்த பிளென்ஸ்பர்க் நகரம் தனக்கு வேண்டும் என்ற பிடிவாதம். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் என்று மிரட்டின. ஒரு வாரத்துக்குள் இறங்கிவந்தார்.

நார்வே மன்னருக்கு மறுக்கும் அதிகாரம் எழுத்தில் உண்டு. ஆனால் சட்டத்தைத் தள்ளிப்போடத்தான் முடியும். 1940இல் படையெடுத்து வந்த நாஜிகள் தங்கள் ஆதரவாளர் குவிஸ்லிங்கைப் பிரதமராக்கச் சொன்னபோதுகூட மன்னர் ஏழாம் ஹாக்கன் தன்னிச்சையாக மறுக்கவில்லை. ‘முடிவு உங்களுடையது, ஏற்பதானால் நான் முடிதுறக்கிறேன்’ என்ற பொருள்படத் தன் அமைச்சரவையிடம் சொன்னார். அமைச்சரவை அவர் பக்கம் நின்றது.

ஸ்வீடனைப் பற்றிய வரியையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ராயபுரம், சென்னை – 13