அடையாள அட்டைக் கொப்பியில் சுற்றின கச்சான்

ஆசிரியருக்கு,

போன கிழமை புதுக்குடியிருப்புச் சந்தையடியில் கச்சான் வாங்கினேன். தின்று முடித்துச் சரையை எறியப் போனால், அது யாரோ ஒரு அம்மாவின் அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி. பெயர், இலக்கம், மங்கலாக முகம், எல்லாம் இருக்கிறது. எந்தக் கந்தோரில் பழைய கடதாசி என்று நிறுத்து விற்றார்களோ. கொண்டுவந்து அடுப்பில் போட்டுவிட்டேன், ஆனால் நான் எத்தனை இடத்தில் இப்படிக் கொப்பி கொடுத்திருக்கிறேன் என்று அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன், அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு, உர மானியம், வீட்டுத்திட்டம், சிம், பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதி, 2022 இல் பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் என்று போகிறதே தவிர முடிகிற மாதிரி இல்லை.

நம்பர்தானே என்று சொல்வார்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்ணும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 532 என்று இருந்தால் பெப்ரவரி 1 இல் பிறந்த பெண், அவ்வளவுதான் ரகசியம். 2016 இலிருந்து வருகிற 12 எண் அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டை மட்டும் முழுதாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு வங்கிக்குப் போன் எடுத்தால் நீங்கள்தானா என்று பார்க்கக் கேட்பதும் இந்த நம்பரும் பிறந்த திகதியும்தான்!

வன்னியில் இருக்கிறவர்களுக்குப் பதிவு என்றாலே வயிற்றைக் கலக்கும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று பதிந்தோம், 2009 இல் இடம்பெயர்ந்து இருந்த மெனிக் பாம் முகாமில் பதிந்தோம், ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் பதிந்தோம். 2011 இல் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இராணுவம் வீடு வீடாகப் பதிந்ததை எதிர்த்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்பிமார் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தக் கொப்பிகளும் படங்களும் இன்றைக்கு யாரிடம் கிடக்கின்றன? கேட்டால் யார் பதில் சொல்வார்?

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. முகம், கைரேகை, கண் எல்லாம் எடுப்பார்களாம். இதற்கு இந்தியா 2023 இல் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா கொடுத்தது. நான் இதற்கு எதிரி இல்லை, ஒரு கையெழுத்துக்காக வயதான ஆட்கள் மூன்று தரம் பிரதேச செயலகத்துக்கு பஸ் ஏறி அலைவது குறையும் என்றால் நல்லதுதான். ஆனால் அந்த இந்தியாவிலேயே வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் அவர்களுடைய ஆதார் அடையாள எண்ணைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் சொன்னது. இங்கே 2022 இன் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, என்ன தேவைக்கு எடுக்கிறார்களோ அந்தத் தேவைக்கு மட்டும், அது முடியும் வரைக்கும் மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது, அரச கந்தோருக்கும் அது பொருந்தும். அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வர இருந்தன, அதையும் பின்போட்டுவிட்டார்கள். கண்ணையும் கைரேகையையும் எடுக்க அவசரம், காக்கிறதற்கு மட்டும் ஆறுதலாகவா?

கொழும்பு முடிவெடுக்கும் வரைக்கும் நம்முடைய கந்தோர்கள் ஒன்று செய்யலாம். கொப்பி கேட்கும் ஒவ்வொரு படிவத்திலும் ஏன் கேட்கிறோம், எங்கே வைப்போம், எப்போது அழிப்போம் என்று தமிழில் இரண்டு வரி போடட்டும். செலவும் இல்லை.

நான் இப்போது கொடுக்கிற கொப்பியில் குறுக்கே கோடு போட்டு, இன்ன தேவைக்கு மட்டும் என்று திகதியோடு எழுதிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு கவுண்டரில் நீட்டினேன். "என்ன அண்ணை, கிறுக்கி வைச்சிருக்கிறியள், வேறை கிளீன் கொப்பி ஒண்டு கொண்டுவாங்கோ" என்று திருப்பித் தந்துவிட்டார் அந்தத் தம்பி. வெயிலுக்குள் போய் இன்னொன்று அடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

ஒரு வாசகர்,
முல்லைத்தீவு மாவட்டம்